பாத்திரத்தின் மனம் யாருடையது?

பகடை உருட்டி ஒருவனுடைய உயிரை எடுக்கலாம். அவனுடைய மனத்தை எடுக்கலாமா? மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலேயே கதையை நடத்தும் விளையாட்டுகளில் இந்தக் கேள்வி ஐம்பது ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகைக்கு முன்னோடி. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். உலகமும் பகைவரும் வழிப்போக்கரும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வீரனையோ மந்திரவாதியையோ திருடனையோ தன் ஆளாக வைத்துக்கொண்டு, அவன் என்ன சொல்கிறான், என்ன செய்கிறான் என்று அறிவிப்பார்கள். முடிவு ஐயமாக இருக்கும் இடத்தில் பகடை பேசும். வாள்வீச்சில் பகடை விழுந்து தன் வீரன் செத்தால் ஆட்டக்காரர் வருத்தப்படுவார், ஆனால் விதியை எதிர்க்கமாட்டார். அதே பகடை “உன் வீரன் பயந்து ஓடுகிறான்” என்றோ “எதிரியின் பேச்சில் மயங்கிவிட்டான்” என்றோ சொன்னால் குரல் உயர்ந்துவிடும். என் ஆள் அப்படிச் செய்யமாட்டான், அவன் என்ன நினைக்கிறான் என்று சொல்ல வேறு யாருக்கும் உரிமை கிடையாது என்பார். உடலை விட்டுக்கொடுத்தவர் மனத்தை மட்டும் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறார் என்பது வெறும் விளையாட்டுக் கேள்வி அல்ல. செயலுக்குச் சொந்தக்காரன் யார் என்று நம் சமயங்கள் கேட்ட கேள்வியின் உறவுக்காரி அது.

ஆட்டக்காரரின் பிடிவாதத்துக்கு நியாயம் உண்டு. இந்த விளையாட்டில் அவர் கையில் உண்மையாக இருப்பது ஒன்றே ஒன்று, தேர்வு. மலை, காடு, அரக்கன், மழை எல்லாம் நடத்துபவர் வசம். தன் ஆளின் மனமும் போய்விட்டால் அவர் வெறும் பார்வையாளர். ஆனாலும் இந்த உரிமை எந்த ஆட்டத்திலும் முழுமையாக இருந்ததில்லை. 1974-இன் முதல் பதிப்பிலேயே வசிய மந்திரம் இருந்தது. சாண்டி பீட்டர்சன் 1981-இல் எழுதிய கால் ஆஃப் கதுலூவில் மனத்தெளிவுக்கே ஓர் எண் உண்டு. கோரமான ஒன்றைக் கண்டால் அந்த எண் குறையும். ஒரே அடியில் அதிகம் குறைந்தால் சிறிது நேரம் புத்தி தடுமாறும், அந்த நேரத்தில் பாத்திரம் ஆட்டக்காரரின் சொல்லை மட்டும் கேட்டு நடக்காது. கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985-இல் வெளியிட்ட பென்டிராகன் இன்னும் துணிந்தது. ஆர்தர் அரசனின் வீரர்களைப் பற்றிய அந்த ஆட்டத்தில் இரக்கம் – கொடுமை, ஈகை – தன்னலம், வீரம் – கோழைத்தனம் என்று 13 இணைக் குணங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் இணையிலும் இரண்டு எண்களையும் கூட்டினால் 20 வரும். சோதனை வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி முதலில் ஒரு குணத்தைப் பார்க்க வேண்டும்; அது தவறினால் எதிர்க்குணத்தை; இரண்டும் தவறினால்தான் ஆட்டக்காரர் தன் விருப்பப்படி முடிவு செய்யலாம். என் கணக்கில் இந்த வகை விளையாட்டு கண்டுபிடித்தவற்றுள் தத்துவம் மிகுந்த விதி இதுதான். ஏனென்றால் அந்த எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. வீரன் முன்பு இரக்கம் காட்டிய ஒவ்வொரு தடவையும் இரக்கத்தின் எண் ஏற வாய்ப்பு உண்டு. இன்றைக்கு அவனை மீறி எழும் குணம், நேற்று அவனே செய்து செய்து சேர்த்தது.

இதைப் படிக்கும் தமிழருக்கு அறிமுகம் தேவைப்படாது. செய்த வினை வாசனையாகப் படிந்து அடுத்த வினையைத் தூண்டும் என்பதைச் சொல்லாத தமிழ்ச் சமயம் அரிது. அதற்கு நேர் எதிராக, மனித முயற்சியால் எதுவும் மாறாது, எல்லாம் முன்னமே வகுத்த நியதி என்று சொன்ன ஆசீவகரும் தமிழ் மண்ணில் இருந்தார்கள். மணிமேகலையும் நீலகேசியும் அவர்களுடைய வாதத்தை எடுத்துப் பேசுகின்றன. நடத்துபவர் முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கோட்டைக்குக் கொண்டுபோய் நிறுத்தும் ஆட்டம் ஒருவகை ஆசீவக ஆட்டம். அதில் யாரும் குற்றவாளி இல்லை, யாரும் நல்லவனும் இல்லை. சைவ சித்தாந்தம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் செய்த சிவஞானபோதமும் அதை ஒட்டி எழுந்த நூல்களும் உயிருக்கு அறிதலும் விரும்புதலும் செய்தலும் உண்டு என்று ஒப்புகின்றன. ஆனால் உயிர் தனித்து நின்று எதையும் அறியாது. எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகிறது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தும் வெளிச்சம் இல்லாமல் பார்க்க முடியாது, அதற்காக வெளிச்சமே கண்ணுக்குப் பதிலாகப் பார்த்துவிடுவதும் இல்லை என்பது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. அப்படிப் பார்த்தால், தன்னந்தனியாகத் தன்னை ஆள்கிற மனம் என்று ஒன்று மேசையிலும் இல்லை, மேசைக்கு வெளியேயும் இல்லை. தன் பாத்திரத்தின் மனத்துக்குத் தானே முழுச் சொந்தக்காரர் என்று வாதிடுபவர், தன் சொந்த மனத்தின்மேல் தனக்கே இல்லாத அதிகாரத்தைக் கற்பனை ஆள்மேல் கேட்கிறார்.

இதிலிருந்து, பகடைக்கும் நடத்துபவருக்கும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடலாம் என்று முடிவு கட்டுவதும் தவறு. மனம் தன் வசமில்லாமல் போகும் நிலையைத் தெரிந்து, கூடி, முறை வகுத்து நடத்துகிற ஒரு மரபு நம்மிடம் கண்முன் இருக்கிறது. அது என்ன கேட்கிறது என்று பார்க்கலாம். மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பக்கத்தில் இருக்கும் செமோர், ஈயமும் ரப்பரும் வளர்த்த ஊர். இப்படிப்பட்ட ஊர்களின் தோட்டங்களில் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்குப் பக்கத்திலேயே மாரியம்மனும் முனீஸ்வரரும் மதுரைவீரனும் காளியும் குடியேறினார்கள். திருவிழாவில் சாமி வருவது அங்கே அதிசயம் அல்ல, எதிர்பார்ப்பு. தைப்பூசத்தன்று ஈப்போ புந்தோங் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குக் காவடிகள் போகும்போது அதே மரபு நகரத் தெருவில் நடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கட்டுப்பாட்டை முழுக்க இழந்த கூட்டம். உள்ளே இருக்கும் ஏற்பாடு வேறு. நேர்ச்சையைப் பெரும்பாலும் காவடி எடுப்பவரே முதலில் வாய்விட்டுச் சொல்வார். பிறகு விரதம், ஒரு மண்டலமோ குறைந்த நாளோ. காப்புக் கட்டுவது தொடக்கத்தைக் குறிக்கும், அவிழ்ப்பது முடிவைக் குறிக்கும். உறுமி மேளம் அழைக்கும்; கூடவே போகும் உறவினரும் நண்பர்களும் தாங்கிப் பிடிப்பார்கள், வழி விடுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். சன்னிதியில் அலகு எடுத்துத் திருநீறு பூசி அவரைத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். ஆட்டம் எல்லை மீறினால் அதட்டி நிறுத்துபவரும் அந்தக் கூட்டத்திலேயே இருப்பார். மலேசியத் தைப்பூசத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, தாமே காவடியும் எடுத்த கார்ல் வடிவேலா பெல் இந்தச் சடங்கொழுங்கைத் தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். மனம் கைமாறுகிற நேரத்தில் பொறுப்பு கைமாறுவதில்லை. நுழைந்தவரிடமும் சுற்றி நிற்பவர்களிடமும் அது பங்காகி நிற்கிறது.

அருளை விளையாட்டோடு சேர்த்துப் பேசுவது தெய்வ நிந்தனை என்று சிலருக்குப் படலாம். சாமி வருவது உண்மையா, உள்ளத்தின் வேலையா என்பதை நான் இங்கே தொடவில்லை. அதைத் தீர்க்காமலேயே, அதைச் சுற்றி மனிதர்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டிலிருந்து கற்கலாம். தவிர, நடிப்புக்கும் அருளுக்கும் நடுவில் நம் முன்னோர் அவ்வளவு உயரமான சுவர் எழுப்பவில்லை. வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் விழாவில் நடக்கும் பாரதக் கூத்தில் சூதாட்டமும் துகிலுரிதலும் வரும் இரவு இதற்குச் சான்று. அந்தக் காட்சியில் நடிகர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் ஆவேசம் வருவதை ரிச்சர்ட் ஃபிராஸ்காவும் ஆல்ஃப் ஹில்டபைடலும் எழுதியிருக்கிறார்கள். துச்சாதனன் வேடம் கட்டியவர் அம்மனை வணங்காமல் சேலையைத் தொடுவதில்லை. கைமீறினால் பிடித்துக்கொள்ள ஆட்கள் தயாராக நிற்பார்கள். கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையின் படுகளத்தில் இளைஞர்கள் செத்தவர்களாகவே விழுந்து கிடந்து, பிறகு எழுப்பப்படுகிறார்கள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் காமன் கூத்தில் ரதி மன்மதன் வேடங்கள் நேர்ச்சையோடு கட்டப்படுகின்றன. வேடம் தன்னை மீறிப் போகும் என்று இவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் முன்னும் பின்னும் வேலி போட்டார்கள்.

பாரதக் கூத்தின் நடுக்காட்சியே நம் கேள்வியை வேறு எந்தத் தத்துவ நூலையும்விடக் கூர்மையாகக் கேட்கிறது. தருமன் நாட்டை வைத்து இழந்தான், தம்பியரை வைத்து இழந்தான், தன்னை வைத்து இழந்தான், பிறகு சகுனி சொல்லப் பாஞ்சாலியை வைத்தான். அவளை இழுத்துப் போக வந்த ஏவலாளிடம் அவள் அழவில்லை. திருப்பிக் கேட்டு அனுப்பினாள். முதலில் தன்னை இழந்தாரா, என்னை இழந்தாரா என்று. தன்னையே இழந்தவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க ஏது உரிமை? பாரதி பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை 1912-இல் வெளியிட்டபோது அதில் அடிமை நாட்டின் குரலைக் கேட்டவர்கள் பலர். ஆனால் அதன் அடியில் இருப்பது ஆட்டவிதி பற்றிய வாதம்தான். பகடை நேர்மையாக விழுந்ததா என்று அவள் கேட்கவில்லை. பகடைக்கு முன்னால் வைத்தது வைக்கத்தக்கதா என்று கேட்டாள். மேசை ஆட்டத்திலும் சச்சரவு இந்த இடத்தில்தான். என் வீரனின் பயத்தையும் ஆசையையும் கோபத்தையும் பணயமாக வைக்கும் ஆட்டம் இது என்று தெரிந்து நான் உட்கார்ந்தால், பகடை அவற்றை எடுத்துக்கொண்டு போனதில் என் சுதந்திரத்துக்குக் குறைவில்லை, வைத்தவன் நான். நான் வைக்காததை நடத்துபவர் எடுத்து உருட்டினால், அல்லது இன்னொரு ஆட்டக்காரர் தன் கதைக்காக என் பாத்திரத்தின் மனத்தைப் பணயம் வைத்தால், எத்தனை நேர்மையான பகடையும் அதைச் சரியாக்காது. ஆகவே உயிரா மனமா என்ற பிரிவே தவறான இடத்தில் போட்ட கோடு. வைத்ததா வைக்காததா என்பதுதான் சரியான கோடு.

கோட்டை இங்கே போடுவதற்குத் தோட்ட வரலாறும் சாட்சி சொல்லும். மலாயாத் தோட்டத் தமிழர் வாழ்வில் பகடை உருட்டியவர்கள் ஒரு பக்கம், பணயமானவர்கள் மறுபக்கம். ரப்பர் விலை எங்கேயோ ஏறி இறங்கும். துரையும் கிராணியும் கங்காணியும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் அன்றைய வேலையைச் சொல்வார்கள். 1950-களின் பிற்பகுதியிலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, பால் மரம் வெட்டிய குடும்பங்களும் அவர்கள் கட்டிய கோயிலும் விற்பனையில் கேட்காமலேயே வைக்கப்பட்ட பணயம். இதை விதி என்று சொல்லி ஆறுதல்பட்டவர்கள் உண்டு. செமோருக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அதை விதியாக ஏற்கவில்லை. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தைத் தாங்களே வாங்கலாம் என்றார், வாங்கவும் செய்தார்கள். ரப்பர் விலையின் ஏற்ற இறக்கம் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. கூட்டுறவுத் தோட்டமும் அதே சந்தையில்தான் விற்றது. மாறியது ஒன்றுதான்: இப்போது வைத்ததை அவர்களே வைத்தார்கள். தன்னாட்சி என்றால் எதுவும் தன்னை மீறி நடக்காமல் இருப்பது என்று நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சிறிதாக எண்ணலாம். சங்கத்தில் பங்கு வாங்கியவர்கள் அப்படி எண்ணியிருக்கமாட்டார்கள்.

முன்கூட்டிக் கொடுத்த சம்மதம் பின்னால் வருவதையெல்லாம் கட்டுமா என்று கேட்கலாம். எதிர்ப்புகளில் வலுவானது இதுதான். ஆட்டம் தொடங்கும்போது சரி என்றவருக்கு, நான்காவது மணி நேரத்தில் தன் பாத்திரத்துக்கு என்ன நேரும் என்று எப்படித் தெரியும்? தெரியாது. தருமனின் கதையில் இதற்கும் பதில் இருக்கிறது. சூதுக்கு அழைத்தால் மறுக்கமாட்டேன் என்பது அவன் கொண்ட விரதம். முதல் ஆட்டத்தில் எல்லாம் போய், திருதராட்டிரன் வரத்தால் எல்லாம் திரும்பி வந்த பிறகும், மறுபடி அழைத்தபோது அதே விரதத்தைச் சொல்லித் திரும்பிப் போனான். 12 ஆண்டு காட்டையும் ஓராண்டு தலைமறைவையும் வாங்கிக்கொண்டு வந்தான். வெளியே வரும் வாசல் இல்லாத விரதம் அது. காவடி எடுப்பவரின் நேர்ச்சைக்கு அந்த வாசல் உண்டு. திருநீறு உண்டு, தாங்கும் கைகள் உண்டு, காப்பு அவிழ்க்கும் நாள் உண்டு. மேசை ஆட்டங்களிலும் இப்போது இந்த வாசல் வந்திருக்கிறது. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் வகுத்த எக்ஸ் கார்டு என்ற முறையில் மேசை நடுவில் ஒரு சீட்டு கிடக்கும். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி நிற்கும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஃபேட் என்ற ஆட்டத்தில், பாத்திரத்தின் பலவீனத்தைக் காட்டி நடத்துபவர் ஒரு திருப்பத்தைக் கொடுப்பார். ஏற்றால் ஆட்டக்காரருக்கு ஒரு புள்ளி கிடைக்கும், மறுத்தால் ஒரு புள்ளி செலவு. மறுக்கலாம், விலை உண்டு. வாழ்க்கையில் ஆசையை மறுப்பதற்கும் இப்படி விலை இருப்பதால் இந்த விதி எனக்கு நாணயமாகத் தெரிகிறது. வேறு சிலருக்கு அது கடைக்கணக்காகத் தெரிவதும் புரிகிறது.

மனம் போனபின் ஆட்டக்காரருக்கு மிச்சம் என்ன என்ற கேள்விக்கு ஏவரி ஆல்டர் 2012-இல் வெளியிட்ட மான்ஸ்டர்ஹார்ட்ஸ் நல்ல பதில் வைத்திருக்கிறது. பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய அந்த ஆட்டத்தில், தன் பாத்திரம் யார்மேல் ஈர்க்கப்படுகிறது என்பதை ஆட்டக்காரர் தீர்மானிக்க முடியாது, பகடை சொல்லும். ஈர்ப்பு வந்தபின் பாத்திரம் என்ன செய்கிறது என்பது அவர் கையில். உணர்ச்சி எழுவது ஒன்று, அதற்கு இடம் கொடுப்பது ஒன்று. துறவிகளும் இல்லறத்தாரும் காலம்காலமாகப் பார்த்துவந்த இந்த வேறுபாட்டை ஓர் ஆட்டவிதி இரண்டு வரியில் பிடித்துவிட்டது. பென்டிராகன் வீரன் பகடை கவிழ்ந்து கொடுமை செய்துவிட்டாலும் கதை அங்கே முடிவதில்லை. மறுநாள் அவன் அதை மறைக்கிறானா, ஈடு செய்கிறானா, நியாயப்படுத்துகிறானா என்பது முழுக்க ஆட்டக்காரர் பொறுப்பு, அடுத்த எண்ணும் அதிலிருந்துதான் ஏறும். சித்தாந்தி இதைப் பார்த்தால், அனுபவித்துத் தீர வேண்டிய பிராரத்தமும் இனிச் சேரப்போகும் ஆகாமியமும் ஒரே மேசையில் இருக்கின்றன என்பார்.

இன்னொரு வகை ஆட்டக்காரர் உண்டு; இவரைப் பற்றிப் பேசாமல் விட்டால் முதலாமவரைக் கடிந்தது அநியாயம். நண்பரின் பாத்திரத்தின் பையில் திருடுவார், கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பார், மேசையில் ஒருவரை அழ வைப்பார். கேட்டால், நான் என்ன செய்ய, என் ஆளின் குணம் அப்படி என்பார். முதலாமவர் பாத்திரத்தின்மேல் முழு அதிகாரம் கேட்டார். இவர் தன்மேல் பாத்திரத்துக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டதாக நடிக்கிறார். இருவரும் ஒன்றைத் தவிர்க்கிறார்கள்: பக்கத்தில் இருப்பவருக்குப் பதில் சொல்வதை. சாமி வந்து ஆடினாலும் மற்றவர் குழந்தையைத் தள்ளிவிட்டால் கோயில் கூட்டம் அதைச் சாமி கணக்கில் எழுதாது; அருள் வாக்கு என்று சொந்தப் பகையைத் தீர்க்கப் பார்ப்பவரை ஊர் சீக்கிரமே கண்டுகொள்ளும். தெய்வத்தையே சாக்காக ஏற்காத ஊரில், காகிதத்தில் எழுதிய திருடனைச் சாக்காக ஏற்க வேண்டியதில்லை. அந்தக் குணத்தை அவனுக்கு எழுதியதே இவர்தான்.

கடைசியில் பாஞ்சாலி கேட்டதற்கு அந்தச் சபையில் யார் பதில் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். பீஷ்மர் தருமத்தின் வழி நுட்பமானது என்று நழுவினார். துரோணரும் கிருபரும் வாய் திறக்கவில்லை. துரியோதனன் தம்பியரில் ஒருவனான விகர்ணன் எழுந்து, இவள் ஐவருக்கும் உரியவள், வைத்தவன் தன்னை முன்பே இழந்தவன், வைக்கச் சொன்னவன் எதிராளி, ஆகவே இவள் வெல்லப்படவில்லை என்று காரணம் காட்டிப் பேசினான். கர்ணன் அவனைச் சிறுபிள்ளை என்று அடக்கினான். பெரியவர்களுக்குத் தெரியாத விதி எதுவும் விகர்ணனுக்குத் தெரிந்திருக்கவில்லை, பேசினான், அவ்வளவுதான். இளைஞர்களே, ஈப்போவிலோ செமோரிலோ பகடையோடு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், எதையெல்லாம் வைத்து ஆடப்போகிறோம் என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் வைக்காததை இன்னொருவர் உருட்டக் கண்டால், ஆட்டம் நடத்துபவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், விகர்ணன் பேசியதைப் போலப் பேசிவிடுங்கள்.